புறாத்தீவுக்கு ஒரே நாளில்

"மூன்று மணித்தியாலம் கடல் பார்க்க, பன்னிரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கணுமா மகள்?"

கடந்த வருடச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாப்பா கேட்ட கேள்வி இது. "எல்லாரும் போறாங்க வாப்பா" என்பதைத் தவிர அன்று என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை. அவர் கையொப்பமிட்டார். போய் வந்த பின்னர் கணக்குப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம்கூடக் கிடைக்கவில்லை. தீவில் நாம் நின்றது ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடங்களும்தான். அந்தக் குறுகிய நேரத்துக்குள் நான் செய்த ஒரு காரியமே என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. அடுத்த முறை போக விரும்பும் தங்கைமாரும், அவர்களுடைய கடிதத்தில் கையொப்பமிடப்போகும் பெற்றோரும் போகுமுன்னர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றை நான் போய் வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

புறாத்தீவு, திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்குள் இருக்கிறது. ஊரார் புறாமலை என்றும் சொல்வர். பெரியதும் சிறியதுமாக அங்கே இரண்டு தீவுகள் உள்ளன. பெரிய தீவின் நீளம் சுமார் 200 மீற்றர், அகலம் 100 மீற்றர், உச்சியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 44.8 மீற்றர். ஒரு விளையாட்டு மைதானத்தைக் கடலுக்குள் வைத்து அதன்மேல் பாறைகளைக் குவித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டிருக்கிறது. 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் நாட்டின் 17 ஆவது தேசிய பூங்காவாகவும் அது பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 471 ஹெக்டேயர். அதில் தரை மிகச் சொற்பம், மிகுதி எல்லாம் கடல். ஆகவே நாம் டிக்கெட் எடுப்பது உண்மையில் அந்தக் கடலுக்குத்தான். இதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எப்போது போவது என்பதைத் தீர்மானிப்பது காற்று. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேராகக் கிழக்குக் கரையில் மோதும். அக்காலத்தில் அங்கே மழையும் கொந்தளிப்பும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது நிலைமை மறுபுறமாகிவிடும். அக்காற்று தன் ஈரத்தையெல்லாம் எங்கள் கண்டிப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்ட வெப்பக் காற்றாக இறங்குகிறது. கிழக்கில் அதற்குக் கச்சான் என்று பெயர். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயாத ஓகஸ்ட் மாதத்தில் நிலாவெளியில் மணல் சுடுவதன் காரணம் இதுவே. புவியியல் பாடத்தில் மழை ஒதுக்குப் பிரதேசம் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை முகத்தில் உணர்ந்தது அன்றுதான்.

கண்டியிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 180 கிலோமீற்றர். நிலாவெளி அதற்கும் அப்பால் 15 கிலோமீற்றர். போக வர 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மாத்தளையில் சுபஹ் தொழுதோம். தம்புள்ளையைக் கடக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. ஹபரணைக்கு அப்பால் ஒரு மர நிழலில் பஸ்ஸை நிறுத்தி, உம்மாமார் கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். அங்கே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள் ஆறு பேர். பெயர்கள் வேண்டாம், அதில் நானும் ஒருத்தி. (முன்வரிசை ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள்.) கந்தளாய்க் குளம் தெரிந்தபோது வகுப்பாசிரியை எழுந்து நின்று, 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைச் சொன்னார். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். நான் பாதியைக் கேட்டேன்.

நிலாவெளியை அடையும்போது மணி பத்தரை. டிக்கெட் எடுத்து, படகுக்குப் பத்துப் பேராகப் பிரிந்து, உயிர்காப்பு அங்கி அணிந்து, தீவில் கால் வைக்கும்போது பதினொன்று இருபது. நாங்கள் மட்டுமா? தூர இடங்களிலிருந்து இரவோடு இரவாகவும் விடியற்காலையிலும் புறப்பட்ட எல்லோரும் அதே நேரத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். சிறிய கரை, நிறையச் சனம். ஒரு மணிக்குக் காற்று எழும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று படகோட்டி முன்னரே சொல்லியிருந்தார். ஆறரை மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து களைத்துப்போன நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கினோம். அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் ஐந்தே ஐந்து பேர்.

இரவல் வாங்கிய முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். சுப்ஹானல்லாஹ்! மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் விரல்களுக்கு இடையால் போயின. கிளிமீன் ஒன்று முருகைக்கல்லைக் கடிக்கும் சத்தம் காதுக்குக் கேட்டது. செட்டை நுனி கறுத்த ஒரு சிறிய சுறா தூரத்தில் திரும்பிப் போனது. (அது முருகைக்கற்பாறைகளில் வாழும் கூச்சமுள்ள இனம். பயந்து கத்தியது நாங்கள்தான்.) அப்போது முகக்கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து கண் எரிந்தது. நீந்தத் தெரியாதவள் என்ன செய்வாள்? கால் எட்டியது, எழுந்து நின்றேன். காலடியில் நறுக்கென்று ஒரு சத்தம்.

"பிள்ளை, அது கல்லில்ல, உயிர். காலை எடுங்கோ" என்றார் படகோட்டி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறாரோ, அந்தக் களைப்புத்தான் குரலில் இருந்தது.

மீண்டும் குனிந்து பார்த்தேன். மான் கொம்பு போன்ற ஒரு கிளை, என் ஒரு சாண் நீளம், முறிந்து கிடந்தது. வெளியே மண்ணிறம், முறிந்த இடம் பால் வெள்ளை. நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நிடாரியாக் கணத்தின் இயல்புகளை எழுதச் சொன்னால் முழுப் புள்ளியும் எடுப்பேன். அந்தக் கணத்தைச் சேர்ந்த ஒன்றின்மேல் செருப்புக் காலோடு ஏறி நின்றபோது அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தக் கிளையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முருகை என்பது கல்லும் அல்ல, செடியும் அல்ல. சில மில்லிமீற்றர் அளவேயான பொலிப்புகள் எனும் மென்மையான விலங்குகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொரு பொலிப்பும் கடல் நீரிலிருந்து தாதுப்பொருளை எடுத்து, தன் அடியில் கல்சியம் காபனேற்றை வன்கூடாகப் படிய விடுகிறது. நான் கண்ட வெள்ளை அதுதான். மண்ணிறமோ அதன் சொந்த நிறமன்று. பொலிப்பின் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் ஒளித்தொகுப்புச் செய்து, தயாரிக்கும் உணவில் பெரும்பங்கைப் பொலிப்புக்கே கொடுக்கின்றன. பொலிப்பு அவற்றுக்கு இடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறது. ஒளி வேண்டும் என்பதால்தான் முருகை ஆழம் குறைந்த தெளிந்த நீரில் வளர்கிறது. நம் கால் எட்டும் ஆழமும் அதுவே என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். கடல் நீரின் வெப்பநிலை வழமையான கோடைகால உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு உயர்ந்து சில வாரங்கள் நின்றால் போதும், பொலிப்புகள் அந்த அல்காக்களை வெளியேற்றிவிடும். அதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய முருகை உடனே இறந்துவிடாது, பட்டினி கிடக்கும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் மீளும், குளிராவிட்டால் இறக்கும்.

கிளை முருகைகள் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றரிலிருந்து பத்து வரை வளரக்கூடியவை. உருண்டையான பெரிய இனங்களோ அவற்றைவிட மிக மெதுவாகவே வளரும். நான் முறித்த கிளை குறைந்தது இரண்டு மூன்று வருட வளர்ச்சி. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அது அங்கே வளர்ந்திருக்கிறது.

கரையில் பரவிக் கிடக்கும் வெள்ளைத் துண்டுகளும் உடைந்த முருகைகளே. என் தோழி ஒருத்தி தம்பிக்குக் காட்டவென்று ஒன்றைப் பையில் போட்டாள். ஆசிரியை கண்டு திருப்பி வைக்கச் சொன்னார். "செத்ததுதானே டீச்சர்?" என்றாள் அவள். கேள்வி நியாயமானது போலத் தெரியும். ஆனால் அந்தத் துண்டுகள்தான் அரைந்து மணலாகி, அலை அரிக்கும் கரையை மீண்டும் நிரப்புகின்றன. கிளிமீன் கடித்து விழுங்கும் முருகையும் வெள்ளை மணலாகவே வெளியேறுகிறது. தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம் என்பது வேறு.

ஆகவே வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயணம் தகுமா? தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் போனது போல அல்ல. எங்களில் யாரும் முருகையை முறிக்க விரும்பிப் போகவில்லை. பிந்தி வந்தோம், களைத்திருந்தோம், நேரம் போதாது என்று அவசரப்பட்டோம், நீந்தத் தெரியாததால் நின்றோம். முறிந்தது.

ஒரே நாளில்தான் போக முடியும் என்றால் முதல் நாள் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கே புறப்படுவது நல்லது. அப்போது சுபஹ் தொழுகை கந்தளாய்ப் பக்கம் கிடைக்கும். எட்டு மணிக்குத் தீவில் இருக்கலாம். கடல் அடங்கியிருக்கும், சனமும் குறைவு. சாரதிகள் இருவர் வேண்டும். இதைப் பெற்றோர் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், வெட்கப்படத் தேவையில்லை. ஏனென்றால் திரும்பி வரும்போது எங்கள் சாரதி கண்ணைக் கசக்கியதை முன் ஆசனத்திலிருந்து நான் பார்த்தேன். ஹபரணைக் காட்டுப் பாதையில் இருட்டியதும் யானை குறுக்கே வரும் இடம் அது. கன்னியா வெந்நீரூற்று, கோட்டை என்று நிகழ்ச்சி நிரலில் ஐந்தாறு இடங்களைச் சேர்ப்பதை விட்டுவிடலாம். எங்களுக்கு அவற்றில் ஒன்றும் ஞாபகமில்லை. படத்தில் மட்டும் இருக்கிறது.

தொழுகையைப் பற்றி உம்மா மிகவும் கவலைப்பட்டார். ஷாபிஈ மத்ஹபின்படி இத்தனை நீண்ட பயணத்தில் லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கி, ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ அனுமதி இருக்கிறது. மஃரிபைச் சுருக்க முடியாது. ஆனால் இஷாவோடு சேர்க்கலாம். பெண்களுக்கு இடவசதியுள்ள பள்ளிவாசல்கள் எங்கே என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்தால் ஓரிடத்தில் அரை மணித்தியாலம் மிச்சமாகும். உடை விடயத்தில் ஒன்று: நீண்ட அபாயா தண்ணீரில் பாரமாகி இழுக்கும். தளர்ந்த காற்சட்டையும் முழங்கால் வரையான முழுக்கை மேலாடையும் இறுக்கிக் கட்டிய ஹிஜாபும் போதும். வெயில் படாமல் உடலை மூடியிருப்பதால் சன் கிரீமும் தேவைப்படாது. சில சன் கிரீம்களில் உள்ள இரசாயனங்கள் முருகைக்குத் தீங்கு என்று ஹவாய் மாநிலம் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது. சோற்றைப் பொலித்தீனில் சுற்றாமல் பெட்டியில் கொண்டுபோங்கள்.

நீச்சலைப் பற்றிப் பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நாம் வாழும் நாடே ஒரு தீவு. நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளில் முப்பத்தேழு பேருக்கு நீந்தத் தெரியவில்லை. பெண் பயிற்றுநரோடு, பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் கற்பிக்கும் தடாகம் எங்காவது கிடைத்தால் எங்களை அனுப்புவீர்களா? அதுவரை நீந்தத் தெரியாதவர்கள் அடியில் வெறும் மணல் உள்ள பக்கத்தில் மட்டும் இறங்கட்டும். அங்கேயும் மீன் வரும்.

வீட்டுக்கு வந்து சேரும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. வாப்பா சந்தியில் முச்சக்கரவண்டியோடு காத்திருந்தார். "எப்படி மகள் கடல்?" என்றார். முறிந்த கிளையைப் பற்றிச் சொன்னேன். வண்டியை ஓட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் என் தங்கை அதே தீவுக்கான கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனையைக் கையில் எடுத்தவாறே கேட்டார்: "பஸ் எத்தனை மணிக்கு எடுக்குது?"