சிறையிற் கற்ற கல்வி

வணிகம் புரிவோர் ஆண்டின் முடிவிலே தம் கணக்கேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பர். உழவர், களத்திலே நெல்லை அளந்து பத்தாயத்தில் இட்டபின், விதைத்தது இவ்வளவு, விளைந்தது இவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பர். பொருளுக்கும் நெல்லுக்கும் இங்ஙனம் கணக்குப் பார்க்கும் மக்கள், தாம் கற்ற நூல்களுக்குக் கணக்குப் பார்ப்பது அரிது. ஓராண்டில் எந்நூல்களைக் கற்றோம், அவற்றுள் எவை உள்ளத்தில் நின்றன, எவை நின்ற சுவடும் இன்றி மறைந்தன, கற்க எண்ணிக் கல்லாது விட்டவை யாவை என்று திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் காந்தியடிகள். அவர் அக்கணக்கைப் பார்த்த இடமோ வீடும் அன்று, பள்ளியும் அன்று. எரவாடாச் சிறைச்சாலை ஆகும்.

காந்தியடிகள் இளமையிலேயே நூற்கடலை நீந்தியவர் என்று எவரேனும் எண்ணின் அது தவறு. பாடநூல்களுக்குப் புறம்பாகத் தாம் கற்றவை மிகச் சில என்று தம் வாழ்க்கை வரலாற்றிலே அவரே எழுதியிருக்கிறார். பகவத்கீதையைக்கூட அவர் முதன்முதலாகப் படித்தது இலண்டன் மாநகரிலே, நண்பர் இருவருடன் அமர்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்பின் துணைகொண்டு ஆகும். தாய்நாட்டு நூலொன்றைக் கடல் கடந்த நாட்டிலே அயல்மொழியின் வாயிலாகக் கற்க நேர்ந்ததை எண்ணி அவர் நாணினார். எனினும் குறைவாகக் கற்றதனால் தமக்குப் பேரிழப்பு நேர்ந்துவிடவில்லை என்பது அவர் கருத்து. கற்ற சிலவற்றை நன்கு செரிக்கும்படி கற்றமையே அதற்குக் காரணம்.

இதற்குச் சான்றாக 1904ஆம் ஆண்டில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். தென்னாப்பிரிக்காவிலே சோகன்னசுபர்க்கு நகரிலிருந்து தர்பன் நகருக்கு அடிகள் புகைவண்டியிற் புறப்பட்டார். அது 24 மணி நேரப் பயணம். வழியிற் படிப்பதற்கென்று போலக்கு என்னும் நண்பர் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். அது இரசுகின் என்னும் ஆங்கில அறிஞர் பொருளியல் பற்றி எழுதியது. கையிலெடுத்த நூலைக் கீழே வைக்க அடிகளால் இயலவில்லை. வண்டி மாலையில் தர்பனை அடைந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. அந்நூலிற் கண்டவாறே தம் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதென்று உறுதி பூண்டார். பீனிக்சு என்னுமிடத்தில், உடலுழைப்பை அடிப்படையாகக் கொண்ட குடியிருப்பு அவ்வாண்டிலேயே தோன்றியது. பின்னர் அந்நூலின் கருத்தைக் குசராத்தி மொழியில் எழுதி, அதற்குச் 'சர்வோதயம்' என்னும் பெயரையும் இட்டார். ஒரு பகல் படித்தது ஒரு வாழ்நாளின் போக்கையே மாற்றியது. நூலின் எண்ணிக்கையன்று, கற்பவரின் உள்ளமே கல்விக்கு அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.

படிப்பதற்கு நேரம் இல்லை என்பது பலர் கூறும் குறை. அடிகளுக்கும் அக்குறை இருந்தது. ஆனால் அவர் அதனை வாயாற் கூறிக்கொண்டிருக்கவில்லை. கீதையை மனப்பாடம் செய்ய விரும்பியபோது, காலையிற் பல் துலக்கும் 15 நிமிடங்களையும் நீராடும் 20 நிமிடங்களையும் அதற்கென ஒதுக்கினார். சுலோகங்களை எழுதிய துண்டுத் தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்து, பல் துலக்கிக்கொண்டே அவற்றைக் கற்றார். இவ்வாறே 13 அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடம் ஆயின. பிறர் வீணே கழிக்கும் நேரத்தை அவர் கல்வியாக மாற்றினார்.

இத்தகையவருக்கு நெடுநேரம் படிக்கும் வாய்ப்பை அளித்தது ஆங்கில அரசாங்கமே! 1922ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப் பெற்றார். அத்திங்கள் 18ஆம் நாள் அகமதாபாத்தில் வழக்கு நடந்தது. தம்மீது சாட்டப்பட்ட குற்றத்தை அவர் மறுக்கவில்லை. சட்டத்தில் உள்ள மிகக் கடுமையான தண்டனையையே தருமாறு நடுவரைக் கேட்டுக்கொண்டார். ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றது. பின்பு பூனா நகருக்கு அருகிலுள்ள எரவாடாச் சிறைக்கு அவரைக் கொண்டு சென்றனர்.

நாட்டு விடுதலைக்கெனப் பல்லாயிரவரை நடத்திச் சென்ற தலைவர் ஒருவர், நாட்டில் நடப்பது இன்னதென்று அறிய இயலாதபடி நான்கு சுவர்களுக்குள் அடைக்கப்படுவாராயின், அவர் மனம் சோர்வடைதல் இயற்கை. அடிகளோ சோர்வுக்கு இடம் கொடுத்தாரல்லர். சிறை புகுந்த சில கிழமைகளுக்குள்ளேயே தம் நாளைத் திட்டமாகப் பகுத்துக்கொண்டார். நாள்தோறும் ஏறத்தாழ 6 மணி நேரம் நூல் கற்றல். 4 மணி நேரம் பஞ்சு கொட்டுதலும் இராட்டையில் நூற்றலும். கைக்கும் அறிவுக்கும் இவ்வாறு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார். நாட்குறிப்பு ஒன்றும் எழுதிவந்தார். இன்ன நூலை இன்று தொடங்கியது, இன்ன நூல் இன்று முடிந்தது என்னும் குறிப்புகள் அதில் இடம்பெற்றன. வணிக மரபிற் பிறந்த அவர், கற்ற கல்விக்கும் வணிகனைப் போலவே பேரேடு வைத்திருந்தார் எனலாம்.

ஏறக்குறைய இரண்டாண்டுக் காலத்திற்குள் சுமார் 150 நூல்களை அவர் கற்றார். சமயம், வரலாறு, இலக்கியம், சமூகவியல் எனப் பல துறைகளைச் சார்ந்தவை அந்நூல்கள். செருமானியப் பெருங்கவிஞராகிய கேதே எழுதிய 'பாவுசுட்டு' என்னும் நாடகமும், எச். சி. வெல்சு எழுதிய உலக வரலாறும், கிப்ளிங்கு எழுதிய காட்டு விலங்குக் கதைகளும் அவற்றுள் அடங்கும். சிறுவர் விரும்பும் கதைநூலை எடுப்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. அறிஞரும் அஞ்சும் பெருநூலை எடுப்பதற்கு அவர் அஞ்சவும் இல்லை.

அங்ஙனம் அஞ்சத்தக்க பெருநூல் ஒன்றுண்டு; அதுவே மகாபாரதம். அதனைப் பற்றி அவர் முன்பு கொண்டிருந்த எண்ணம் வேறு. போரும் குருதியும் நிறைந்த கதை அது, படிப்பவரை உறங்கச் செய்யும் நெடிய வருணனைகள் நிரம்பியது என்று கருதியிருந்தார். நெருக்கமாக அச்சிட்ட 6,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலை அணுகவும் தயங்கினார். ஆயினும் தொடங்கிய பின்னர், முடிக்கும் வரையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு திங்களில் படித்து முடித்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 பக்கங்கள் என்று கணக்கிட்டுக் காண்க. முடித்தபின் அவர் கண்டது யாது? அளவோடு சில மணிகளைப் பட்டை தீட்டி வைத்த பேழையன்று அந்நூல். தோண்டுந்தோறும் மேன்மேலும் உயர்ந்த மணிகளை வழங்கும் வற்றாத சுரங்கம் என்பதே. படியாமலே ஒரு நூலை இகழ்ந்திருந்ததும், படித்தபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டதும் ஆகிய இரண்டையும் அவர் மறைக்காமல் எழுதினார். தம் தவற்றைத் தாமே திருத்திக்கொள்ளும் இப்பண்பு கற்றவருக்குப் பேரணி அன்றோ?

கிப்பன் என்பார் எழுதிய உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றையும் அடிகள் சிறையிலே கற்றார். நிகழ்ச்சிகளைத் திரட்டிச் சுவைபடக் கூறும் அவ்வாசிரியரின் ஆற்றலை அவர் போற்றினார். எனினும் மகாபாரதம் நிகழ்ச்சியைக் கூறுவதோடு நில்லாமல், அதற்கு அப்பாலுள்ள உண்மையை நாடிச் செல்கிறது என்பது அவர் கண்ட வேறுபாடு. ஒரு நூலைத் தனியே கற்பவர் அந்நூலை மட்டும் அறிவார். இரு நூல்களை ஒப்பிட்டுக் கற்பவர் இரண்டின் இயல்பையும் அறிவார்.

அவர் பிற சமய நூல்களைக் கற்ற முறையும் அறியத்தக்கது. உருது மொழியைப் பயின்று, மௌலானா சிப்லி அம்மொழியில் எழுதிய நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் படித்தார். இரண்டாம் பகுதியை முடித்தபோது, அப்பெரியாரின் வாழ்க்கையைப் பற்றி மேலும் படிப்பதற்கு இல்லையே என்று வருந்தினார். இசுலாம் உலகிற் பரவியது வாளினால் அன்று. நபிகளின் எளிமையும், வாக்குத் தவறாமையும், அஞ்சாமையும், இறைவனிடம் கொண்ட பற்றுமே காரணம் என்னும் தெளிவு அவருக்கு உண்டாயிற்று. பிற சமய நூல்களைப் பணிவோடு கற்றதனால் தம் சமயத்திற் கொண்ட பற்று குறையவில்லை என்றும், தம் சமய நூல்களில் விளங்காதிருந்த பல இடங்கள் அதனால் விளங்கின என்றும் அவர் கூறியுள்ளார். பிறர் வீட்டு விளக்கு தம் வீட்டு முற்றத்திற்கும் ஒளி தருவது போன்றது இது.

இனி, தமிழ் மாணாக்கர் உள்ளத்தைச் சிறப்பாகத் தொடும் செய்தி ஒன்றுண்டு. அடிகளுக்குத் தமிழ் கற்கவேண்டும் என்னும் வேட்கை நெடுநாளாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய அறப்போரிலே முன்னின்று துன்புற்றவருள் தமிழர் பலர். அவர்கள் காட்டிய அன்பையும் உறுதியையும் தன்னலமற்ற தியாகத்தையும் அவர் வாழ்நாள் முழுவதும் மறந்தாரில்லை. 1896ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது, கப்பல் மருத்துவர் தந்த தமிழ்ப் பயிற்சி நூலைக் கொண்டு தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அப்பயிற்சியைத் தொடர்ந்தார். எரவாடாவில் அவர் கொண்ட திட்டம் இன்னும் பெரியது. ஆறாண்டு முடிந்து வெளிவரும்போது உருதுவிலும் தமிழிலும் ஓரளவு புலமை பெற்றவராகவும், வடமொழி மூலநூல்களைத் தாமே படிக்க வல்லவராகவும் வெளிவரவேண்டும் என்பதே அது. 54 வயதுக் கிழவர் ஒருவரைப் போலன்றி, 24 வயது இளைஞர் ஒருவரின் ஊக்கத்தோடு தாம் கற்றுவந்ததாக அவர் எழுதியுள்ளார்.

அத்திட்டம் நிறைவேறவில்லை. 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருக்குக் குடல்வால் நோய் கண்டது. பூனாவிலுள்ள சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, 12ஆம் நாள் இரவில் அறுவை மருத்துவம் செய்தனர். பிப்பிரவரி 5ஆம் நாள் அரசாங்கம் அவரை விடுதலை செய்தது. நாடு முழுவதும் மகிழ்ந்தது. ஆனால் அடிகளின் உள்ளத்தில் ஒரு குறை நின்றது. தொடங்கிய கல்வி இடையிலே அறுந்துபோயிற்று. சிறையினின்று வெளிவருவதைப் பேறாகக் கருதுவது உலக இயல்பு. கல்வி முடியுமுன் வெளிவர நேர்ந்ததே என்று வருந்தியவர் அவர்.

அவ்வாண்டிலேயே 'யங் இந்தியா' இதழில் தம் சிறை வாழ்வைத் தொடர்ந்து எழுதினார். தாம் கற்ற நூல்களைப் பற்றியும் அதில் எழுதினார். பயன் தந்தவற்றைக் கூறியதுபோலவே, நிறைவேறாத ஆசையையும் ஒளிக்காமற் கூறினார். பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தமிழிலே பேசத் தாம் கற்கவில்லை என்றும், படிக்கக் கற்றிருந்த சிறிதும் பழக்கமின்மையால் மங்கிவருகிறது என்றும் ஒப்புக்கொண்டார். வரவை மட்டும் எழுதிக் கடனை எழுதாத கணக்கு பொய்க்கணக்கு. அடிகள் எழுதியதோ மெய்க்கணக்கு.

அக்கல்வி சிறைச் சுவருக்குள்ளேயே பயன் தரவும் தொடங்கியது. சிறையிலிருந்தவாறே சிறுவர்க்கெனப் 'பாலபோதி' என்னும் முதற்பாட நூலை எழுதினார். தென்னாப்பிரிக்க அறப்போரின் வரலாற்றையும் 1923ஆம் ஆண்டு நவம்பரில் அங்கேயே சொல்லித் தொடங்கினார். உடனிருந்த இந்துலால் யாக்ஞிக்கு அதனை எழுதினார். கற்றவர் தாம் பெற்றதைப் பிறர்க்கு வழங்கும்போதுதான் கல்வி முழுமை பெறுகிறது.

நூலகங்களும் புத்தகங்களும் மிகுந்துள்ள இக்காலத்தில், கல்விக்குக் குறை நூலின்மை அன்று. நேரத்தை ஒதுக்காமையும், கற்றதை எண்ணிப் பாராமையுமே ஆகும். மாணாக்கர் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொண்டு, தாம் படித்து முடித்த நூலின் பெயரையும், முடித்த நாளையும், அதனாற் பெற்ற கருத்தொன்றையும் எழுதிவருதல் நன்று. ஆண்டு முடிவிலே அதனைப் புரட்டிப் பார்த்தால், உள்ளத்தில் வரவாக நின்றது இது, இன்னும் தீர்க்கவேண்டிய கடன் இது என்பது தெளிவாகும். கடன் இருக்கக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. எரவாடாச் சிறையில் இருந்த அப்பெரியாரின் ஏட்டிலும் கடன் இருந்தது. அவர் ஏட்டில் தீராது நின்ற அக்கடனுள் ஒன்று நம் தமிழே ஆகும். அம்மொழியைப் பிறப்பிலேயே பெற்றிருப்போர் அதனைக் கல்லாது காலங்கழிப்பின், அவர் கணக்கு எவ்வாறு முடியும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.