பனியாற்றின் வரவும் செலவும்

மலைப் பனியாறுகளைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்கிறது ஒன்று. ‘எல்லாம் புரளி’ என்கிறது இன்னொன்று. பனியாறு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இரண்டும் நிற்காது.

நம்பிக்கை 1: பனியாற்றின் கீழ்முனை நகரவில்லை என்றால் அது நலமாக இருக்கிறது.

உண்மை: உயரத்தில் பெய்யும் பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல வழிந்து, தாழ்வான பகுதியில் உருகுகிறது. மேலே சேர்வது வரவு, கீழே கரைவது செலவு. வெப்பம் கூடிய ஆண்டிலேயே இந்தக் கணக்கில் துண்டு விழும். ஆனால் முனை அதற்கேற்பப் பின்வாங்கி முடிய, பெரிய பனியாறுகளில் பல பத்தாண்டுகள் ஆகும். எவரெஸ்ட் அடிவாரத்திலுள்ள கும்பு பனியாற்றின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. முனை அதிகம் நகராமலே அது மெலிந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் ஆய்வாளர்கள் முனையை மட்டும் பார்ப்பதில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் ஆண்டுதோறும் வரவு செலவை அளந்து வருகிறார்கள். பனிக்கட்டியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நடுகிறார்கள். கோடை முடியும்போது கழி எவ்வளவு கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கட்டி உருகியிருக்கிறது. மேற்பகுதியில் குழி தோண்டி, அந்த ஆண்டு சேர்ந்த பனியையும் அளக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மிஞ்சியது நஷ்டமே.

நம்பிக்கை 2: சில பனியாறுகள் வளர்ந்திருக்கின்றன, ஆகவே புவி வெப்பமாதல் பொய்.

உண்மை: நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு 1983 முதல் 2008 வரையிலான காலத்தில் பெரும்பாலும் முன்னேறியது. அந்த வட்டாரத்தில் மட்டும் அப்போது நிலவிய குளிர்ச்சியே காரணம். 2008-க்குப் பின் அது வேகமாகப் பின்வாங்கிவிட்டது.

நம்பிக்கை 3: இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும்.

உண்மை: ஐ.நா.வின் பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் இடம்பெற்ற பிழை இது. 2010 ஜனவரியில் அக்குழுவே இதைத் திரும்பப் பெற்றது. தேதி தவறாகப் போனதே தவிர, உருகுவது பொய்யாகவில்லை. இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் 2011-2020 காலத்தின் இழப்பு, முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமானது என்று காத்மாண்டுவிலுள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

நம்பிக்கை 4: இனி என்ன செய்தும் பயனில்லை.

உண்மை: ஓரளவு இழப்பைத் தடுக்க முடியாது என்பது சரிதான். ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச், அண்மைக் காலத் தட்பவெப்பம் இப்படியே நீடித்தாலும் 2100-க்குள் தன் பனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் என்று 2019-இல் கணித்தார்கள். பழைய வெப்பத்தின் கணக்கே இன்னும் தீரவில்லை. ஆனால் மீதி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. 2023-இல் வந்த உலகளாவிய ஆய்வின்படி, கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பெரும் பனிவிரிப்புகள் நீங்கலாக, உலகப் பனியாறுகள் 1.5 டிகிரி வெப்ப உயர்வில் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 26 சதவீத நிறையை இழக்கும். 4 டிகிரி என்றால் 41 சதவீதம். நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதை எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறோமோ, அவ்வளவு பனி மலையில் மிஞ்சும்.