முட்டுக்கட்டை போட்ட பிறகே

மஸ்ஜித் தானாவிலிருந்து கடலை நோக்கிச் சென்றால் தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் ஆகிய கடற்கரைகளை அடையலாம். விடுமுறையில் ஒரு குடும்பம் மகிழுந்தின் பின்னால் கேரவன் எனப்படும் வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு அங்கே தங்க வருவதாகக் கொள்வோம். மரநிழலில் நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால், கடற்கரை நிலம் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. வண்டியை அப்படியே நிறுத்தினால் என்ன ஆகும்?

படுத்தவர் இரவு முழுவதும் ஒரு பக்கமாக உருள்வார். கழுவுதொட்டியில் நீர் வடியாமல் மூலையில் தேங்கும். அலமாரிக் கதவு தானே திறந்துகொள்ளும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டிதான் பொறுத்துக்கொள்ளாது. பல வீட்டுவண்டிகளில் இருப்பது எரிவாயுச் சுடரின் வெப்பத்தால் இயங்கும் பெட்டியாகும். இவ்வகைப் பெட்டியை 1922இல் சுவீடனைச் சேர்ந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் கண்டுபிடித்தனர். அதில் மின்விசைக் குழாயோ சுழலும் பொறியோ இல்லை. அம்மோனியாக் கரைசல் தன் எடையால் மேலிருந்து கீழ்நோக்கி வழிந்தோடுவதால்தான் குளிர்ச்சி உண்டாகிறது. பெட்டி சாய்ந்தால் கரைசல் வழியில் தேங்கிவிடும், குளிர்ச்சி குறையும். நெடுநேரம் சாய்ந்தே இயங்கினால் பெட்டி பழுதாகிவிடும்.

ஆகவே, வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். இதற்கு உதவுவது கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே. அதிலுள்ள காற்றுக்குமிழ் எப்போதும் உயர்ந்திருக்கும் பக்கம் நோக்கி நகரும். அதை வண்டியின் தரையில் முதலில் குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும். குமிழ் வலப்புறம் ஒதுங்கினால் இடச்சக்கரம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். இடச்சக்கரத்தின் முன்னே சரிவான ஏற்றக்கட்டையை வைத்து, மகிழுந்தை மெதுவாக முன்னே நகர்த்தினால் சக்கரம் அதன்மீது ஏறும். குமிழ் நடுவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இப்பணி முடியும்வரை வண்டி மகிழுந்துடன் இணைந்தே இருக்க வேண்டும்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். குறுக்குவாட்டம் சரியானதும் மகிழுந்தின் இணைப்பைக் கழற்றிவிடத் தோன்றும். 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 5 பாகைச் சரிவில் நிற்கும்போது, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 130 கிலோகிராம் எடைக்கு ஈடாகும். உருளத் தொடங்கிவிட்ட வண்டியைக் கையால் பிடித்து நிறுத்த முயல்வது உயிருக்கே ஆபத்தானது. எனவே, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரு பக்கச் சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை கொடுத்த பிறகே இணைப்பைத் தொட வேண்டும். கட்டை சரிவின் தாழ்ந்த பக்கத்தில், டயரோடு நெருங்கியிருக்க வேண்டும்.

பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்றால் தடை செய்யாதே என்று பொருள். பாவம், அந்தக் கட்டைக்குக் கெட்ட பெயர்! திருவாரூரில் ஏறத்தாழ 300 டன் எடையுள்ள ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்ட பின்னரும், வேகத்தைக் கட்டுப்படுத்தவும் வீதி முனைகளில் திருப்பவும் முட்டுக்கட்டைகளே சக்கரங்களின் கீழ் இடப்படுகின்றன. கட்டை போடுபவர் ஓடும் தேரின் சக்கரத்தருகே நிற்க வேண்டும். அவருக்குக் கண்ணும் கையும் ஒருசேர இயங்க வேண்டும்.

இணைப்பைக் கழற்றியதும் ரசமட்டத்தை நெடுக்காக வைக்க வேண்டும். வண்டியின் முன்முனையில் ஒரு சிறு சக்கரம் உண்டு. அதன் கைப்பிடியைச் சுழற்றினால் முன்முனை உயரும் அல்லது தாழும். குமிழ் மீண்டும் நடுவில் நின்றால் வண்டி சமமாகிவிட்டது. அதன்பின் நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்களை இறக்கலாம். இவை வண்டி ஆடாமல் இருக்க உதவுவன. வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. அவற்றால் தூக்க முயன்றால் கால் வளையும், அடிச்சட்டமும் கோணலாகும்.

கடற்கரை மணலில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்சக்கரமும் தாங்குகால்களும் மணலில் புதையும். 10 சென்டிமீட்டர் சதுரமான அடித்தட்டின்மீது 100 கிலோகிராம் எடை இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 1 கிலோகிராமைத் தாங்க வேண்டும். அதன்கீழ் 30 சென்டிமீட்டர் சதுரப் பலகையை இட்டால் அந்த அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். இரவில் மழை பெய்தால் மணல் இளகும். காலையில் எழுந்ததும் குமிழை ஒருமுறை பார்ப்பது நல்லது.

புறப்படும் நாளில் இந்த வரிசை தலைகீழாகும். தாங்குகால்களை உயர்த்திய பின்னர் வண்டியை மகிழுந்துடன் இணைக்க வேண்டும். இணைப்பு நன்றாகப் பூட்டிக்கொண்டதா என்று குனிந்து பார்க்க வேண்டும். முட்டுக்கட்டையை எடுப்பது அதற்குப் பிறகுதான்.