கட்டவிழ்க்கும் கட்டளை

நுழையும்முன்

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்புவதும் வந்த கட்டை அவிழ்த்துப் படிப்பதும் கணினிப் பயன்பாட்டில் அன்றாட நிகழ்வுகள். கட்டும் முறைகளோ பல. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையால் அவிழ்க்க இயலும். அக்கட்டளையின் இயல்பையும் அதனைக் கையாளும்போது கொள்ளவேண்டிய கவனத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கட்டுதலும் சுருக்குதலும்

பல கோப்புகளை ஒரே கோப்பாகத் தொகுப்பது கட்டுதல். மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளைக் குறியீடுகளால் குறித்து அளவைக் குறைப்பது சுருக்குதல். இவை இருவேறு பணிகள். 1979ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற ‘டார்’ என்னும் கட்டளை, கட்டுதலுக்காக உருவானது. ‘நாடாக் காப்பகம்’ என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். கோப்புகளைக் காந்த நாடாவில் சேமித்த காலத்தின் சுவடு அது.

1989இல் பில் காட்ஸ் உருவாக்கிய ‘ஜிப்’ வடிவம் இரு பணிகளையும் சேர்த்தே செய்தது. 1992இல் வெளிவந்த ‘ஜிஜிப்’ சுருக்குதலை மட்டும் மேற்கொண்டது. ஆகவே, டார் கட்டிய கோப்பை ஜிஜிப் சுருக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட சுருக்கமுறையே ஜிப், ஜிஜிப் இரண்டிற்கும் அடிப்படை.

பெயரை நம்பாத கருவி

வடிவங்கள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி தேவைப்பட்டது. டிம் கின்ட்ஸில் தொடங்கிய ‘லிப்ஆர்க்கைவ்’ என்னும் திறமூல மென்பொருள் தொகுப்பு இந்நிலையை மாற்றியது. அதனைக் கொண்டு இயங்கும் ‘பிஎஸ்டி டார்’ கட்டளை, டார், ஜிப், செவன்-ஜிப் முதலிய பல வடிவங்களை அவிழ்க்கிறது.

இக்கட்டளை கோப்பின் பெயரையோ அதன் நீட்டிப்பையோ நம்புவதில்லை. உள்ளடக்கத்தைப் படித்தே வடிவத்தை அறிகிறது. ஜிஜிப் கோப்பின் முதல் இரு பைட்டுகள் 31, 139 என்னும் எண்களாகும். ஜிப் கோப்பு பொதுவாகப் ‘பி’, ‘கே’ என்னும் ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அவை பில் காட்ஸின் பெயரெழுத்துகள். பெயரை மாற்றினாலும் இவ்வடையாளம் மாறாது.

தெரிந்து தெளிவோம்

விண்டோஸ் 10 இயக்க அமைப்பில் 2018 முதல் இக்கட்டளை ‘டார்’ என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது. லினக்சில் பரவலாக உள்ள ‘குனு டார்’ வேறொரு கருவி; அது ஜிப் கோப்பை அவிழ்க்காது.

அவிழ்க்கும் முன்

மாணவி ஒருவர் பல வாரங்கள் உழைத்து எழுதிய கோப்பு ‘அறிக்கை’ என்னும் பெயரில் உள்ளது எனக் கொள்வோம். தோழி அனுப்பிய கட்டிலும் அதே பெயரும் அதே நீட்டிப்பும் கொண்ட கோப்பு உள்ளது. மாணவி தம் கோப்புறையிலேயே கட்டை அவிழ்த்தால், அவருடைய அறிக்கை அழிந்து தோழியின் அறிக்கை அவ்விடத்தில் அமரும். ‘மாற்றலாமா?’ என்று கட்டளை கேட்பதில்லை. இட்டதைச் செய்வதே அதன் இயல்பு.

இவ்விழப்பைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கட்டிலுள்ள கோப்புகளின் பட்டியலைப் பார்த்தல். ‘டார்’ என்பதை அடுத்துச் சிறுகோடும் ‘டி’, ‘எஃப்’ என்னும் எழுத்துகளும் கோப்பின் பெயரும் இட்டால், எதுவும் அவிழாமல் பட்டியல் மட்டும் தோன்றும். இரண்டாவது, புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி அதனுள் அவிழ்த்தல். ‘டி’க்கு மாற்றாக ‘எக்ஸ்’ இட்டால் கட்டு அவிழும். இறுதியில் சிறுகோட்டுடன் பெரிய எழுத்து ‘சி’யும் கோப்புறையின் பெயரும் சேர்த்தால் கோப்புகள் அங்குச் சென்று சேரும். மூன்றாவது, ‘எக்ஸ்’ உடன் ‘கே’ என்னும் எழுத்தையும் சேர்த்தல். அவ்வாறு செய்தால், ஏற்கெனவே உள்ள கோப்புகள் மாற்றப்படா.

கட்டளை நொடியில் முடிந்துவிடும். இழந்த உழைப்பை மீட்கப் பல நாள்கள் ஆகலாம். ஆதலின், பட்டியலைப் பார்த்தபின் அவிழ்ப்பதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்…

1. ஜிப் கோப்பு ஒன்றைப் படியெடுத்து, படியின் நீட்டிப்பை மாற்றுக. ‘பிஎஸ்டி டார்’ கட்டளையால் அதன் பட்டியலைப் பெற்று, கண்டதை வகுப்பில் கூறுக.

2. ‘பெயரைவிட உள்ளடக்கமே அடையாளம்’ என்னும் தலைப்பில் ஒரு பத்தி எழுதுக.