நூடில்ஸ் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்குமா?



2017 மே மாத மழையில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெரும் துன்பப்பட்டது. வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு இப்படியான வேளைகளில் நூடில்ஸ் பக்கற் பெரிய உதவி. சுடுதண்ணீர் இருந்தால் பிள்ளையின் பசி ஆறும். ஆனால், ஆபத்துக்கு உதவியது அன்றாட உணவாகிவிடக் கூடாது. கஹவத்தைத் தோட்டங்களில், விடியற்காலை பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு அது சுலபமான வழிதான். தாயைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை.

அதில் என்ன இருக்கிறது?

உடனடி நூடில்ஸை 1958இல் யப்பானில் மொமொஃபுகு ஆன்டோ அறிமுகப்படுத்தினார். தீட்டிய கோதுமை மாவை இழையாக்கி, ஆவியில் அவித்து, பெரும்பாலும் பாம் எண்ணெயில் பொரிக்கிறார்கள். மாச்சத்தும் கொழுப்பும் உண்டு. புரதம் கொஞ்சம், நார்ச்சத்து மிகக் குறைவு. உப்போ அதிகம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பக்கற்றுகளில் அதில் பாதியோ அதற்கு மேலோ இருக்கிறது. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் கூடும்.

ஏன் கவலைப்படுகிறோம்?

2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். முழு நாட்டிலும் அது சுமார் 17 பேர். இதற்கு நூடில்ஸ்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வளரும் பிள்ளையின் தட்டில் புரதமும் இரும்புச்சத்தும் இல்லாத ஒவ்வொரு வேளையும் நட்டமே.

நாம் செய்யக்கூடியவை

1. மசாலாத் தூளில் பாதியை மட்டும் போடுவோம். வேறு உப்புச் சேர்க்க வேண்டாம்.
2. ஒரு முட்டையோ அவித்த பருப்போ, ஒரு பிடி முருங்கை இலையோ சேர்ப்போம்.
3. பச்சை நூடில்ஸில் தூளைத் தூவி நொறுக்கித் தின்னப் பிள்ளைகளை விடவேண்டாம்.
4. உறையில் உப்புக்குச் சிவப்பு நிறக் குறி இருந்தால், உப்பு மிகுதி என்று அறிவோம்.
5. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவை உரிய பிள்ளைக்கே கொடுப்போம்.
6. அவசரக் காலைக்கு, முதல் நாள் இரவே கௌப்பியோ பயறோ ஊறவைப்போம்.

நாம் மண்ணைக் கொத்திப் பிழைத்தவர்கள். காணி கைவிட்டுப் போனாலும், லயத்தின் பின்னால் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றலாம். பழைய வாளியில் வல்லாரை வளர்க்கலாம். அந்தக் கைப்பழக்கம் நம்மோடு வந்திருக்கிறது.

குழுவாகப் பேசுவோம்

கடந்த வாரம் நம் வீட்டில் எத்தனை வேளை நூடில்ஸ் சமைத்தோம்? அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வாங்கியிருக்கலாம்?