சுவிட்சுக்கு இரண்டு வழி வையுங்கள்

நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒரே இன்டர்நெட் இணைப்பில் சேர்க்க நாம் வாங்கும் சிறிய பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். இதில் இரண்டு வகைத் தகவல்கள் ஓடுகின்றன. நீங்கள் பார்க்கும் இணையதளம், அனுப்பும் மெயில், பிரிண்டருக்குப் போகும் ஃபைல் எல்லாம் டேட்டா. அந்தப் பெட்டியின் செட்டிங்குகளை மாற்ற நீங்கள் அனுப்பும் கட்டளைகள் மேனேஜ்மென்ட் தகவல்கள். இரண்டும் ஒரே வழியில் போகக் கூடாது. ஏன், எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் செட்டிங் பக்கமே கிடையாது. கேபிளைச் செருகினால் வேலை செய்யும். பிரவுசரில் ஐபி முகவரி கொடுத்துத் திறக்கும் 'ஸ்மார்ட்', 'மேனேஜ்டு' வகைகளுக்குத்தான் இந்தப் பாடம்.

நான் இருப்பது தருமபுரி மாவட்டம். அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கு போனாலும் ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் புது சுவிட்சை வாங்கி அப்படியே மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அதன் எல்லா போர்ட்டுகளும் வி-லேன் 1 என்ற ஒரே குழுவில் இருக்கும். செட்டிங் பக்கமும் அதே குழுவில்தான். எனவே யார் லேப்டாப்பைச் செருகினாலும் லாகின் பக்கத்தை எட்டிவிடலாம். பாஸ்வேர்டும் மாற்றப்படாமல் இருந்தால் கடையையே முடக்கிவிடலாம். அன்று கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாணவியின் கதி என்ன?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் பல தாக்குதலுக்கு உள்ளாயின. 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவையே சிக்கின. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் நின்றபோது, அதைச் சரிசெய்ய உதவும் உள் கருவிகளும் சேர்ந்து முடங்கின. பொறியாளர்களை டேட்டா சென்டருக்கே நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

இனி செய்முறை. 8 போர்ட் சுவிட்ச் என்று கொள்வோம்.

1. கம்ப்யூட்டரை 7-ஆவது போர்ட்டில் இணையுங்கள். செட்டிங் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். சுவிட்சின் ஐபி முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது 'டிஹெச்சிபி' என்றிருந்தால், அதே முகவரியை 'ஸ்டேட்டிக்' ஆக்குங்கள்.

2. வி-லேன் பகுதியில் 99 என்ற எண்ணில் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

3. 8-ஆவது போர்ட்டை மட்டும் அதில் 'அன்டேக்டு' ஆகச் சேர்த்து, பிவிஐடி எண்ணையும் 99 ஆக்குங்கள். அந்தப் போர்ட்டை வி-லேன் 1-லிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற போர்ட்டுகளைத் தொடவேண்டாம்.

4. 'மேனேஜ்மென்ட் வி-லேன்' என்ற இடத்தில் 99 கொடுங்கள். உடனே இணைப்பு அறுந்துவிடும். பயப்படாதீர்கள், அப்படித்தான் ஆகவேண்டும்.

5. கேபிளை 8-ஆவது போர்ட்டுக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டருக்குக் கையாலேயே ஐபி கொடுங்கள். சுவிட்ச் 192.168.0.1 என்றால் கம்ப்யூட்டருக்கு 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0. பக்கம் திறந்ததும் 'சேவ்' செய்யுங்கள். திறக்காவிட்டால், பல மாடல்களில் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பழைய செட்டிங் திரும்பிவிடும்.

6. மீண்டும் 7-ஆவது போர்ட்டில் செருகிப் பாருங்கள். இன்டர்நெட் வரவேண்டும், செட்டிங் பக்கம் வரக்கூடாது. கம்ப்யூட்டரின் ஐபியைப் பழையபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்க மறக்காதீர்கள்.

8-ஆவது போர்ட்டைக் காலியாக வைத்து, சுவிட்சைப் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். சில மலிவான மாடல்களில் வி-லேன் இருந்தாலும் மேனேஜ்மென்ட் வி-லேன் வசதி இருக்காது. வாங்கும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ரவுட்டர் மட்டும் இருப்பவர்களும் இதே வேலையைச் சுருக்கமாகச் செய்யலாம். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியை நிறுத்துங்கள். வருபவர்களுக்கு 'கெஸ்ட்' வைஃபை மட்டும் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அதிலிருந்து செட்டிங் பக்கம் திறக்காது. இன்றே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.