சோம்பலா, சோர்வா?

படிவம் 4 மாணவன். வாரம் தவறாமல் ஃபுட்சால் ஆட வந்தவன் இப்போது வருவதில்லை. கேட்டால், "மூட் இல்லண்ணே" என்கிறான். உடனே நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறியா போயிட்டான், எந்நேரமும் கைப்பேசிதான்." தம்பி தங்கைகளே, கொஞ்சம் பொறுங்கள்.

மனச்சோர்வு என்றால் அழுகை என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பிடித்தது பிடிக்காமல் போவதும் அதன் முக்கியமான அறிகுறி. இதற்கு மூளையில் காரணம் உண்டு.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பதித்தார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே சிறிது மின்சாரம் பாயும். எலி விடவே இல்லை, அழுத்திக்கொண்டே இருந்தது! 'இன்னும் வேணும்' என்று தூண்டும் பாதை மூளையில் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. அந்தப் பாதையில் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐரோப்பாவில் 'இமேஜன்' என்ற ஆய்வு, ஏறக்குறைய 2,000 பிள்ளைகளை 14 வயதிலிருந்து கவனித்து வந்தது. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே பரிசு ஜெயிக்கும் விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். 'பரிசு வரப்போகுது' என்று எதிர்பார்க்கும் நேரத்தில், சோர்வு அறிகுறி உள்ளவர்களின் ஸ்ட்ரையேட்டம் மந்தமாக இருந்தது. அப்போது நலமாக இருந்து, 16 வயதுக்குள் சோர்வுக்கு ஆளானவர்களிடமும் அந்த மந்தம் முன்பே தெரிந்தது. இதை வைத்து ஒரு தனி ஆளுக்கு ஸ்கேன் எடுத்து நோயைச் சொல்லிவிட முடியாது. இது கூட்டத்தின் சராசரி.

ஸ்ட்ரையேட்டம் தனியாக வேலை செய்வதில்லை. திட்டமிடும் முன்மூளையோடு அது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முன்மூளை முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. சோர்வுற்ற இளையோரிடம் இந்தத் தொடர்பு மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சிலவற்றில் கூடுதல், சிலவற்றில் குறைவு. பதில் இன்னும் ஒன்றாகவில்லை.

நமக்கு இதில் என்ன? "மனசு வந்தா வா" என்று அவனிடம் சொல்வது தலைகீழ். எதிர்பார்ப்பே எழாதவனுக்கு மனசு எங்கிருந்து வரும்? செயல் முதலில், மனசு பிறகு என்ற வரிசையில் சிறு சிறு வேலைகளாகத் தொடங்கும் சிகிச்சை முறையே இருக்கிறது. "ஆட வேணாம்டா, பந்து எடுத்துக் கொடு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ சேர்த்துவிடுங்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவரை அப்போதே அழையுங்கள்.